மாயா பஜார் டப்பிங் படம் அல்ல
அண்ணை, ‘தமிழ் மாயா பஜார் தெலுங்குப் படத்துக்குக் குரல் மாற்றியதுதான், கதையும் அப்படியே வியாசரின் பாரதம்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

1957இல் விஜயா நிறுவனம் கே. வி. ரெட்டி இயக்கத்தில் இரண்டு மொழிகளிலும் தனித்தனியாகவே எடுத்தது. தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். துரியோதனன் மகனான மாப்பிள்ளை லக்கணன் அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. டப்பிங் என்றால் முகம் எப்படி மாறும்?

பலராமரின் மகள் வத்சலாவின் காதலும் வியாசரிடம் இல்லை. அங்கே அபிமன்யு மணப்பது உத்தரையை. இது நாட்டார் கதையாக, கூத்தாக வளர்ந்த பகிடி. அதனால்தான் படத்துக்கு இவ்வளவு சுதந்திரம்: பெட்டியைத் திறந்தால் மனதுக்குப் பிடித்தவர் தெரிவார், கடோத்கஜன் மணப்பெண்ணாக வந்து மாப்பிள்ளையைக் கலங்கடிப்பான். வத்சலாவாக வரும் சாவித்திரி அந்த மெல்லிய உருவத்திலேயே, கடோத்கஜனாக நடித்த ரங்கா ராவின் அரக்க மிடுக்கைக் காட்டும் இடம் இருக்கிறதே, கொக்குவிலில் எங்கள் அம்மம்மா இன்றைக்கும் அதற்கு வயிறு குலுங்கச் சிரிப்பார். கணினி இல்லாத காலத்து மாயம், மார்கஸ் பார்ட்லியின் கமெராவில் பிறந்தது.