கடைசி மாடியில் படிக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்னாதீர்கள்

சித்திரை மாதம் ராத்திரி 10 மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு என்றால் சூடு கையில் ஏறும். பொழுது சாய்ந்து மூன்றரை மணி நேரம் ஆகியும் ஏன் சுடுகிறது? அந்த 5 அங்குல கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெயிலை மெதுவாகத்தான் கீழே இறக்கும். நாம் பாய் விரிக்கிற நேரத்தில்தான் அது அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் போட்டால் சீலிங்கை ஒட்டி நிற்கும் சூட்டைத்தான் நம் மேல் தள்ளும்.

தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். இந்த அறையில் அது இறங்காது. விடிகாலை 3 மணிக்குக் கண்ணயர்கிற பிள்ளையை 6 மணிக்கு எழுப்பி, "புத்தகத்தை எடுத்தாலே தூங்குறான்" என்று திட்டுகிறோம். வீட்டில் எல்லாரும் எரிந்து விழுவதற்கும் பாதிக் காரணம் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டனில் 2016 கோடையில் 44 கல்லூரி மாணவர்களை 12 நாள் கவனித்தார்கள். 24 பேர் ஏசி அறையில், 20 பேர் ஏசி இல்லாத அறையில். காலையில் எழுந்ததும் போனில் சின்னச் சின்ன சோதனைகள். வெப்ப அலை அடித்த நாட்களில் ஏசி இல்லாதவர்கள் பதில் சொல்ல சுமார் 13 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தார்கள். அவர்கள் அறையின் சராசரி வெப்பம் 26 டிகிரிதான்! நம் வீடுகளில் மே மாதம் 26 வந்தால் போர்வை தேடுவோம். உடம்பு பழகிய அளவு வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அனல் அறையில் படுத்து எழுந்து போட்டித் தேர்வு எழுதும் பிள்ளை, கீழ் வீட்டுப் பிள்ளையோடு சமமாக ஓடவில்லை.

இதற்கு ஏசிதான் வழி என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள். தளம் கொதித்தால் ஏசியும் திணறும், இ.பி. பில்லும் எகிறும். முதல் வேலை மாடியை வெள்ளையாக்குவது. அகமதாபாத்தில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு இதைத்தான் செய்தார்கள்.

500 சதுர அடி மாடிக்கு 12 கிலோ அளவில் கல் சுண்ணாம்பு போதும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம், கொதிக்கிற சூட்டில் இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குப் பசை கலந்து, மோர் பதத்தில் இரண்டு கை அடியுங்கள்.

பலருக்கு இது ஒரே மாதத்தில் மாவாக உதிர்ந்துவிடும். உச்சி வெயிலில் காய்ந்த தரைமேல் அடிப்பதுதான் காரணம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். பாசியைச் சுரண்டி, கழுவி, தரை ஈரமாக இருக்கும்போதே சாயங்காலம் அடியுங்கள். அடுத்த நாள் இரண்டாவது கை. மழைக்குக் கரையும், அதனால் வருஷா வருஷம் பங்குனியில் திரும்ப அடிக்கணும்.

வெயிலைத் திருப்பி அனுப்பும் கூலிங் பெயிண்ட் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் தளத்தில் ஈரம் ஊறியிருக்கும்போது அடித்தால் அப்பளமாக உப்பி உரியும். விரிசலை முதலில் அடைத்துவிடுங்கள். ஒழுகுவதைச் சுண்ணாம்பும் நிறுத்தாது, இந்தப் பெயிண்டும் நிறுத்தாது. சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை. சூடு கொஞ்ச நேரம்தான் அடங்கும், விரிசல் இருந்தால் நீர் உள்ளே இறங்கும்.

உள்ளே ஒரு வேலை: பகலில் மேற்கு ஜன்னலை மூடி வையுங்கள். இரவு வெளியே குளிர்ந்ததும் டேபிள் ஃபேனை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அனல் வெளியே போகும், அந்தப் பக்கம் புதுக் காற்று வரும். ஜன்னலுக்கு மேலே அட்டை வைத்து அடைத்திருக்கிற வெண்டிலேட்டரையும் திறந்துவிடுங்கள்.

வாடகை வீட்டில் இதை யார் செய்வது என்று கேட்பீர்கள். ஹவுஸ் ஓனர்தான் செய்ய வேண்டும், தளம் அவருடையது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கித்தான் அதில் விரிசல் விழுகிறது, வெள்ளை அடித்தால் அதுவும் குறையும். அவரிடம் பேசும்போது இதையே முதலில் சொல்லுங்கள்.