வேலியை விடுங்கள், வேகத்தைக் குறையுங்கள்

டெவன் பக்கத்து லேன் ஒன்றில், அதாவது குறுகிய கிராமத்துச் சாலையில், காரும் சைக்கிளும் முட்டிக்கொள்ளப் பார்த்தன என்று பேச்சு வந்தால் போதும், "இந்த வேலியையெல்லாம் வழித்துத் தள்ளினால்தான் சரிப்படும், எதிரே வருவது ஒன்றும் தெரியவில்லை" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கார் ஓட்டுகிறவர்கள் சொன்னால்கூடப் பரவாயில்லை. வார இறுதியில் எங்களோடு சைக்கிள் மிதிக்கிறவர்களில் சிலரே சொல்கிறார்கள். எனக்கு இதில் துளிகூட உடன்பாடில்லை. குறைக்க வேண்டியது வேகத்தை. வேலியைத் தொடவே கூடாது.

டெவன் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. இங்கே வேலி என்றால் கம்பி வேலியோ வெறும் செடி வரிசையோ இல்லை. மண்ணைக் கரையாக உயர்த்தி, பல இடங்களில் கல் பதித்து, அதன் மேல் ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற முட்செடிகளையும் ஹேசல் மரத்தையும் வளர்த்திருப்பார்கள். பல வேலிகள் பல நூறு வருஷப் பழசு. வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் மழைத் தண்ணீரும் காலங்காலமாக அரித்து அரித்து, சாலை பக்கத்து வயலைவிடத் தாழ்ந்துவிட்டது. தண்ணீர் வற்றிய வாய்க்காலுக்குள் போவது போலத்தான் போக வேண்டும். ஒரு கார் போனால் இரண்டு பக்கமும் கண்ணாடி செடியில் உரசும். நடுவில் புல் முளைத்திருக்கும். ஓடைப் பாலம் வரைக்கும் சரிந்து இறங்கி, பாலத்தைத் தாண்டியதும் ஐந்தில் ஒன்று ஏற்றத்தில், அதாவது ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்ந்து, ஏறும். பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் இந்த மாதிரி ஏற்றத்துக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். இன்னும் செங்குத்தான இடத்துக்குப் போடும் இரட்டை அம்பைப் பார்த்தாலே மிக லேசான கியருக்குக் கை போய்விடும்.

இந்தச் சாலையின் சுகமே வேலிதான். மே மாதத்தில் வந்து பாருங்கள். கரையில் ரெட் கேம்பியன் ரோஜா நிறத்திலும், புளூபெல் நீலத்திலும், ஸ்டிட்ச்வொர்ட் வெள்ளையிலும் ஒரே இடத்தில் கலந்து பூத்திருக்கும். ஓடைப் பக்கம் காட்டுப்பூண்டு வாசம் தூக்கும். மேட்டில் அடிக்கிற காற்று உள்ளே வராது. வயல் கேட் இருக்கும் இடத்தில் மட்டும் வேலி சட்டென்று திறக்கும். செம்மண், ஆடு, அடுத்த குன்று எல்லாம் ஒரு நொடி தெரிந்து மறையும். ஹேசல் டார்மவுஸ் என்ற சின்னஞ்சிறு விலங்கு தரையில் இறங்காமல் இந்தக் கிளைகள் வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிறது.

வழித்துத் தள்ளு என்று லேசாகச் சொல்லிவிடலாம். அதை இந்த நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பெரிய எந்திரங்களுக்கு வயல் பெரிதாக வேண்டும் என்று அரசே மானியம் கொடுத்து வேலிகளைப் பிடுங்க வைத்தது. பிறகுதான் விழித்துக்கொண்டு, 1997இல் சட்டம் கொண்டுவந்து, கிராமப்புறத்தில் பெரும்பாலான வேலிகளை அனுமதி இல்லாமல் அகற்றக் கூடாது என்றார்கள். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் விவசாய நிலத்து வேலிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டவும் தடை. சாலைப் பாதுகாப்புக்கு விலக்கு உண்டு. சந்திப்புகளில் பார்வை மறைத்தால் கிளையைக் கத்தரிக்கட்டும், அது நியாயம். வேரோடு எடுப்பது வேறு கதை.

வேகத்துக்கு வருகிறேன். ஊர் எல்லை முடிகிற இடத்தில் வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகை நிற்கும். அதைத் தாண்டினால் காருக்குச் சட்டப்படி மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு வேலியையும் தொட்டுவிடலாம் போன்ற லேனுக்கும் அதே எண்தான்!

இதை யாராவது உட்கார்ந்து யோசித்து முடிவு செய்தார்களா? இல்லை. 1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு இருந்த வேக வரம்பையே எடுத்துவிட்டது. 1935இல் ஊருக்குள் மட்டும் 30 மைல் திரும்ப வந்தது. ஊருக்கு வெளியே வரம்பே கிடையாது. 1965 டிசம்பரில் நாடு முழுக்க 70 என்றார்கள். 1977இல் நடுத்தடுப்பு இல்லாத சாலைகளுக்கு 60 ஆக்கினார்கள். பெரிய நெடுஞ்சாலையை மனதில் வைத்துப் போட்ட எண் அது. லேன் அதற்குள் தானாகச் சிக்கிக்கொண்டது.

கணக்கைப் பாருங்கள். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் சொல்வதுபடி, 60 மைலில் வரும் கார் நிற்க 73 மீட்டர் வேண்டும். 30 மைலில் 23 மீட்டர் போதும். 20 மைலில் 12. ஒரே வண்டி போகும் பாதையில் எதிரெதிரே இரண்டு கார் வந்தால் இரண்டும் நிற்க இடம் வேண்டுமே, அப்படியானால் இரட்டிப்பு. டெவன் லேனில் பல வளைவுகளில் முப்பது மீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்கிற வேகத்தில் ஓட்டு என்று அதே புத்தகம் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் பலகை அனுமதிக்கும் வேகம் அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. குருட்டு வளைவில் 45 மைலில் திரும்புகிறவர் வேக வரம்பை மீறவே இல்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பின்டயர் மெல்ல இறங்கியது. எந்திரத்தால் வேலி கத்தரிக்கும் பருவம் அது. சாலை முழுக்க பிளாக்தார்ன் முள் சிதறிக் கிடக்கும். கேட் ஓரமாக ஒதுங்கி, டயரைக் கழற்றி, உள்பக்கம் விரலால் தடவித் தடவி முள்ளைத் தேடிக்கொண்டிருந்தேன். கறுப்பாக, நகத்தளவு, நுனி மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் வைக்கோல் உருளை ஏற்றிய டிரெய்லர். ஓட்டியவர் நின்று, சரியாக இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, நான் சைக்கிளை ஓரமாக இழுக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து போனார். இரண்டு நிமிடம் கழித்து ஒரு கார். சத்தம் கேட்டு நான் கேட்டில் முதுகை ஒட்டி நின்றதுதான் மிச்சம், வேகத்தைக் குறைக்கவே இல்லை. கண்ணாடி என் முழங்கையை உரசாத குறை. இரண்டு பேர் கண்ணுக்கும் அதே வேலிதான் மறைத்தது.

சைக்கிள்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு, நேரத்தைப் பதிவு செய்கிறேன் என்று பறக்காதீர்கள். அடுத்த வளைவுக்குப் பின்னால் குதிரையில் ஒரு சிறுமி வரலாம். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். லேனில் கண்ணைவிடக் காது முக்கியம், எலெக்ட்ரிக் கார்கள் வந்த பிறகு இன்னும் முக்கியம்.

"அங்கே யாரும் 60இல் போவதே இல்லை, பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கேட்பார்கள். யாரும் போகாத வேகம் என்றால் அதை எடுப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்? வேலைக்குத் தாமதமாகும் என்பார்கள். ஆறு கிலோமீட்டர் லேனை 40 மைலுக்குப் பதிலாக 30 மைலில் கடந்தால் கூடுதலாக இரண்டு நிமிடம்கூட ஆகாது. போலீஸ் எங்கே இருக்கிறது என்பார்கள். இல்லைதான். ஆனாலும் பலகையைப் பார்த்துக் காலைத் தளர்த்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரிட்டனில் சாலை விபத்து மரணங்களில் பாதிக்கு மேல் கிராமப்புறச் சாலைகளில்தான் நடக்கின்றன என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

பக்கத்தில் அயர்லாந்து செய்து காட்டியிருக்கிறது. 2025 பிப்ரவரி 7 முதல் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வரம்பை 80இலிருந்து 60 கிலோமீட்டராக ஒரே அடியாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு லேனை 'குவயட் லேன்', அதாவது நடப்பவர்களும் சைக்கிளும் குதிரையும் காரோடு பகிரும் அமைதிப் பாதை, என்று அறிவிக்கலாம். கிழக்கு இங்கிலாந்தின் சஃபக் பக்கம் பல ஊர்களில் அந்தப் பலகையைப் பார்க்கலாம். பலகை அழகுதான், ஆனால் அதை நட்டதாலேயே வரம்பு குறைந்துவிடாது. வேகத்துக்குத் தனியாக ஆணை போட வேண்டும். ஒவ்வொரு லேனுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட எந்தக் கவுன்சிலிடம் காசு இருக்கிறது? பொது வரம்பையே மாற்றுவதுதான் வழி. ஒற்றை வண்டிச் சாலைக்கு 30 மைல், அவ்வளவுதான் நான் கேட்பது.

மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று வேலைக்கு வந்து, இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்கள் இப்போது நிறைய. உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இங்கே வசிப்பவர்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் பதிவு செய்து ஓட்டுப் போடலாம். எம்பிக்கு எழுதுங்கள். கவுன்டி கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது பேசுங்கள். ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் பொதுவாக ஊர்க்காரர்கள் பேசச் சில நிமிடம் ஒதுக்குவார்கள். எந்த லேன், எந்த வளைவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.