மொஹிட்டோவும் பதினேழு பெட்டிகளும்

பழைய சகா ஒருத்தன் நேற்று சாயங்காலம் கூப்பிட்டான். ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றை அடியிலிருந்து மறுபடி கட்டப் போகிறார்களாம், டிசைனைப் பார்த்துச் சொல்லு என்றான். ரெண்டு பேருக்குமே குடிப்பழக்கம் கிடையாது. ஆளுக்கொரு வர்ஜின் மொஹிட்டோ, அதாவது மது சேர்க்காத எலுமிச்சை-புதினா பானம். (இதில் ஒரு வசதி, பேசினது மறுநாளும் ஞாபகம் இருக்கும்.)

லேப்டாப்பைத் திறந்து படத்தைக் காட்டினான். 17 பெட்டிகள். ஒவ்வொன்றும் தனியாக ஓடும் ஒரு சின்ன புரோகிராம், அதாவது சர்வீஸ். கேட்டலாக் ஒரு சர்வீஸ், விலை ஒன்று, கார்ட் (வாங்கும் கூடை) ஒன்று, ஸ்டாக் ஒன்று, விஷ்லிஸ்டுக்குக்கூடத் தனியாக ஒன்று. "எதை வேணும்னாலும் கழட்டி வேற மாட்டிக்கலாம்டா, அவ்ளோ ஃப்ளெக்ஸிபிள்" என்றான்.

"டீம்ல எத்தனை பேர்?"

"ஆறு."

எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. மைக்ரோசர்வீஸ் (இப்படிச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது), ஏபிஐ முதலில் (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழியை முதலில் வகுப்பது), கிளவுட், ஹெட்லெஸ் என்ற நாலையும் சேர்த்து 'மாக்' (MACH) என்று பெயர் வைத்து, 2020-ல் அதற்கு ஒரு கூட்டமைப்பே வந்துவிட்டது. அந்த நாலில் ஹெட்லெஸ்ஸை நான் மனதார ஒத்துக்கொள்வேன். திரையில் தெரிவதும் உள்ளே நடக்கும் கணக்கும் பிரிந்திருந்தால், அதே கார்ட்டை மொபைல் ஆப்பும் வெப்சைட்டும் பகிர்ந்துகொள்ளலாம். மீதி மூன்றும் ஆளையும் தேவையையும் பொறுத்தது. ஆறு பேர் 17 சர்வீஸைக் கட்டி மேய்க்க ஆரம்பித்தால், புதிதாக எதையும் எழுத நேரம் இருக்காது.

நான் பட்டவன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஆர்டரையும் பேமென்ட்டையும் மூன்று மாதம் உட்கார்ந்து தனித்தனியாகப் பிரித்தோம். ஒரே புரோகிராமுக்குள் நடந்த அழைப்பு நெட்வொர்க் வழியாகப் போக ஆரம்பித்தது. ஒரு ராத்திரி பேமென்ட் பக்கத்திலிருந்து பதில் வரத் தாமதம். போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எங்கள் கோட் மறுபடி அனுப்பியது. வாடிக்கையாளர்களின் கார்டில் ரெண்டு தடவை பணம் எடுக்கப்பட்டுவிட்டது. கோரிக்கைக்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடு என்று பேமென்ட் பக்கத்தில் சொல்லியிருந்தால் முடிந்தது. மூன்று மாதம் பெட்டி வரைந்த எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

எங்கே பிரிப்பது என்பதற்கான பதிலை டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிஞர் 1972-லேயே எழுதிவிட்டார். வேலை நடக்கும் வரிசையைப் பார்த்து மாட்யூல் (புரோகிராமின் பகுதி) பிரிக்காதே. எந்த முடிவு பின்னால் மாறக்கூடுமோ, அதை ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வை என்றார். நம் ஆட்கள் தேடு, கார்ட்டில் போடு, பணம் கட்டு என்ற வரிசைக்குத்தான் இன்னமும் பெட்டி போடுகிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் ரெண்டாவது மொஹிட்டோவை இனிப்பு கம்மியாகக் கேட்டான். கவுண்ட்டர் பையனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. சர்க்கரைப் பாகு தனி பாட்டிலில் இருக்கிறது. எலுமிச்சையும் புதினாவும் கிளாஸுக்குள் ஒன்றாக நசுங்கியாயிற்று. அதைப் பிரித்துத் தா என்று யாரும் கேட்பதில்லை.

விற்பனைத் தளத்தில் அந்தப் பாகு எது? என் அனுபவத்தில் தள்ளுபடி விதிகள், பேமென்ட் வழிகள், வரி, டெலிவரி. இதில் தள்ளுபடிதான் ஆளைக் கொல்லும். மூன்று பொருள் சேர்த்து வாங்கினால் மொத்தத்தில் 100 குறைப்பு என்று வையுங்கள். இருபது நாள் கழித்து வாங்கியவர் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புகிறார். எவ்வளவு கொடுப்பது? மூன்றும் ஒரே விலை என்றே வைத்துக்கொண்டாலும் 100-ஐ மூன்றாகப் பிரித்தால் 33.33, கூட்டினால் 99.99. அந்த 0.01 எந்தப் பொருளின் தலையில்? வரி, தள்ளுபடிக்கு முந்தைய தொகைக்கா, பிந்தையதற்கா? இதற்குள் மார்க்கெட்டிங் ஆட்கள் அந்தக் கூப்பனையே அழித்திருப்பார்கள். விதியை மறுபடி ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. அதனால் விற்ற நிமிஷத்தில் போட்ட கணக்கை, பொருள்வாரியாக, ஆர்டரோடு சேர்த்து எழுதி வைத்துவிட வேண்டும். விதி ஆயிரம் மாறட்டும், எழுதினது மாறக் கூடாது.

பணத்தை ஃப்ளோட்டாக, அதாவது கம்ப்யூட்டர் தோராயமாக வைக்கும் தசம எண்ணாக, வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைசாக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் 100-ஆல் வகுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். யென்னுக்குச் சில்லறைப் பிரிவு புழக்கத்தில் இல்லை, குவைத் தினாருக்கு மூன்று தசம இடம்.

"பெரிய கம்பெனியெல்லாம் பிரிச்சுத்தானேடா வெச்சிருக்கான்?" என்றான். ஆன்லைன் கடைகளுக்கான தளமான ஷாப்பிஃபையின் மையமே உள்ளுக்குள் பகுதி பிரித்த ஒரே பெரிய ரெயில்ஸ் (வெப் புரோகிராம் எழுத உதவும் சட்டகம்) புரோகிராம்தான். 2023-ல் அமேசான் பிரைம் வீடியோ குழு, வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் தங்கள் கருவியைச் சிதறிய அமைப்பிலிருந்து ஒரே புரோகிராமாகச் சேர்த்துச் செலவில் 90 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக எழுதியது. ஒரு கருவி மட்டும்தான், முழு பிரைமும் இல்லை. இதைத் தூக்கிக்கொண்டு மைக்ரோசர்வீஸ் செத்துவிட்டது என்று பதிவு போட்டவர்களையும் எனக்குப் பிடிக்காது.

அவன் பேனாவை எடுத்து டிஷ்யூ பேப்பரில் மறுபடி வரைந்தான். நடுவில் ஒரே பெரிய பெட்டி, ஓரத்தில் தள்ளுபடி, பேமென்ட், வரி, டெலிவரி. விஷ்லிஸ்ட் பெரிய பெட்டிக்குள் போயே போய்விட்டது. தேடலை மட்டும் தனியாகத்தான் வைப்பேன் என்று பிடிவாதம். அதற்கு இன்டெக்ஸ் (தேடும் அட்டவணை) வேறு, லோடு (வரும் பளு) வேறு, ஒத்துக்கொண்டேன். ஸ்டாக் எங்கே போகும் என்பதில்தான் சண்டை. பேசிப் பேசி ஐஸ் கரைந்து என் கிளாஸில் வெறும் பச்சைத் தண்ணீர். சனிக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.