விரிசலுக்குப் பட்டி பார்த்த கதை

வீடு கட்டி இரண்டாவது மழைக்காலம் முடியவில்லை, அதற்குள் மாடி அறை சீலிங்கில் ஓதம் படர்ந்துவிட்டது. தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டால் "புது வீடுன்னா அப்படித்தான் சார், செட் ஆயிடும்" என்றார். நம்பினேன். மாமா சொல்லி வந்த ஆளாயிற்றே! சதுரடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சு, பாதிப் பணம் ரொக்கம், கணக்கு ஒரு துண்டுச் சீட்டில். அக்ரிமெண்ட் கேட்டால் மாமா தப்பாக நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அப்புறம் செய்தேன். பொங்கலுக்கு ஆள் வருவார்கள் என்று விரிசல் முழுக்கப் பட்டி பார்த்து பெயிண்டும் அடித்துவிட்டேன். தை முடிந்து வக்கீலிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி: "விரிசல் எங்கே?"

ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, போ என்று பலர் சொன்னார்கள். பில்டரிடம் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு அது சரி. பதிவு செய்த திட்டத்தில் சாவி வாங்கி 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் நஷ்டஈடு கேட்கலாம். சொந்த மனையில் கான்ட்ராக்டர் வைத்துக் கட்டிய என்னைப் போன்றவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும், 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரைக்குக் கட்டணம் 1000 ரூபாய். ஒரு மூட்டை பட்டிக்கு நான் கொடுத்ததற்குப் பக்கத்தில்தான் வருகிறது. வக்கீல் இல்லாமலும் நாமே வாதாடலாம். ஆனால் 2 வருஷத்துக்குள் போக வேண்டும், இந்த "செட் ஆயிடும்" பேச்சில்தான் அந்த நாள் எல்லாம் கரைந்துபோகிறது.

பணம் வாங்கித் தருவது நம் கோபமில்லை, காகிதம்தான். வங்கி வழியாகப் போன பணம், வாட்ஸ்அப்பில் அவர் "வந்து பாக்குறேன் சார்" என்று போட்ட பதில், ஒரு சிவில் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிய அறிக்கை, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற எஸ்டிமேட். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று எழுதிவிட்டு எஸ்டிமேட் வைக்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. மணல் நீங்கள் இறக்கியது, தளத்துக்குப் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் வற்றியதை நீங்கள் கவனிக்கவில்லை என்று எல்லாப் பழியும் நம் தலையில் விழும். பொருளை நாமே வாங்கிக்கொடுத்து கூலி மட்டும் பேசுகிற லேபர் கான்ட்ராக்ட் என்றால் இன்னும் வசதி அவர்களுக்கு. அதனால்தான் ஆணையம் அட்வகேட் கமிஷனரை (நேரில் பார்த்து அறிக்கை தர அது நியமிக்கும் வக்கீலை) இன்ஜினியரோடு அனுப்பும்படி மனு போட வேண்டும், அவர்கள் வந்து பார்க்கும்வரை சுவரில் கை வைக்கவே கூடாது.

மாமா இப்போது என்னோடு பேசுவதில்லை, அது தனிக் கதை. மாடிப்படிச் சுவரில் புதிதாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து மாதாமாதம் போட்டோ எடுத்து வருகிறேன். இந்தப் பொங்கலுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.