எந்த ஜீனும் தனியாவர்த்தனம் வாசிப்பதில்லை

குழந்தையின் எச்சிலைக் குழாயில் எடுத்து அனுப்பினால் போதும், நினைவாற்றல் எப்படி, கணக்கு வருமா, கவனம் நிற்குமா என்று வண்ண வட்டங்கள் போட்டு அறிக்கை தருகிறோம் என்கிற விளம்பரம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. விலை கிடக்கட்டும். "இந்த ஜீன் இருந்தால் இந்தத் திறமை" என்ற அந்த ஒற்றை வரிக் கணக்கோடுதான் எனக்குச் சண்டை. மூளை விஷயத்தில் அது செல்லாத நோட்டு.

இந்த மாதிரி அறிக்கைகளில் தலைகாட்டும் பெயர்களில் ஒன்று காம்ட். மூளை செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள் டோபமைன். மூளையின் முன்பகுதியில் அதைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் ஜீன்தான் காம்ட். அந்த ஜீனின் ஒரு வடிவம் டோபமைனை வேகமாகத் தீர்த்துவிடும், இன்னொன்று மெதுவாக. மெதுவான வடிவம் உள்ளவர்கள் சிலவகை நினைவுச் சோதனைகளில் கொஞ்சம் நன்றாகச் செய்வதாக 2001இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. உடனே 'வீரர் ஜீன்', 'கவலைக்காரர் ஜீன்' என்று பட்டப்பெயர் வேறு. அப்புறம் ஆயிரக்கணக்கானவர்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் ஏறக்குறையக் கரைந்தேபோனது. 2018இல் 2,69,867 பேரின் தரவை அலசிய ஆய்வு, அறிவுத்திறனோடு தொடர்புடைய 205 இடங்களை நம் மரபணுத் தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் இம்மியளவு.

சரி, அதெல்லாம் சின்னச் சின்ன விளைவுகள், ஒரே ஜீன் ஆளையே சாய்த்துவிடும் இடமும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. கொலம்பியாவின் அந்தியோக்கியா மாகாணத்து மலை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு மறதி நோய் வருகிறது. ஊர்க்காரர்கள் அதைச் சாபம் என்று சொல்லி வந்தார்கள். பிரான்சிஸ்கோ லோபெரா என்ற நரம்பியல் மருத்துவர் 1980களில் தொடங்கி வீடு வீடாகப் போனார், குடும்ப மரங்களை வரைந்தார். சுமார் 6,000 பேர் கொண்ட பெரும் குடும்பம். பிரெசெனிலின்-1 என்ற ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான் காரணம் என்பது 1990களில் தெரிந்தது. அந்த மாற்றம் இருந்தால் 44 வயது வாக்கில் நினைவு தடுமாறும், 49இல் முழு அல்சைமர். தப்பவே முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ஒரு பெண்மணி தப்பினார். அதே மாற்றம் அவருக்கும் இருந்தது, ஆனால் எழுபது வயதைத் தாண்டும்வரை நினைவு நன்றாகவே இருந்தது. ஸ்கேன் செய்து பார்த்தவர்களுக்கு அடுத்த ஆச்சரியம். மூளையில் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவு மிக மிக அதிகம், நோய் முற்றியவர்களைவிடவும் அதிகம். டாவ் என்ற இன்னொரு புரதத்தின் முடிச்சுகள் மட்டும் குறைவு. 2019இல் காரணத்தை வெளியிட்டார்கள்: ஏபிஓஈ என்ற வேறொரு ஜீனில் 'கிறைஸ்ட்சர்ச்' என்ற அபூர்வ மாற்றம், அதுவும் அம்மா வழியிலும் அப்பா வழியிலுமாக இரண்டு பிரதி.

எனக்கு இதில் பிடித்த பகுதியே இனிமேல்தான். டாவ் மூளையில் கண்டபடி பரவுவதில்லை. நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் பாதை வழியாக, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. செல்லின் மேல்பரப்பில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. ஏபிஓஈ புரதமும் அதே சங்கிலியில் ஒட்டக்கூடியது, கிறைஸ்ட்சர்ச் வடிவமோ அதில் சரியாக ஒட்டாது. ஏபிஓஈ அங்கே ஒட்டுவது டாவ் உள்ளே போகத் துணைசெய்கிறது, அந்த ஒட்டுதல் குறைந்ததால்தான் டாவின் பயணம் தடைபட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆக ஒரு ஜீன் குப்பையைக் குவிக்கிறது, இன்னொன்று அந்தக் குப்பைக்குப் பின்னால் வரும் சேதத்தை இணைப்புகள் வழியே பரவவிடாமல் நிறுத்துகிறது. முதல் ஜீனை மட்டும் படித்து அறிக்கை எழுதியிருந்தால் அந்தப் பெண்மணிக்கு என்ன எழுதியிருப்பார்கள்?

2023இல் அதே குடும்பத்திலிருந்து, அதே பிரெசெனிலின் மாற்றத்தோடு இன்னோர் ஆண். இவருக்கு 67 வயதுவரை சிந்தனை தெளிவு. கிறைஸ்ட்சர்ச் இல்லை, ரீலின் என்ற ஜீனில் ஒரு மாற்றம். கருவில் மூளை உருவாகும்போது நியூரான்கள் தத்தம் அடுக்கில் போய் உட்கார உதவும் புரதம் ரீலின். செல்லின் மேல்பரப்பில் வாசல்போல இருக்கும் ஏற்பிகளில், ஏபிஓஈ பிடிக்கும் அதே ஏற்பிகளைத்தான் அதுவும் பிடிக்கிறது! இரண்டு பேர், இரண்டு வேறு ஜீன்கள், போய்ச் சேர்ந்தது ஒரே வாசலில். நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸுக்குத் தகவல் நுழையும் என்டோரைனல் புறணியில் அவருக்கு டாவ் மிகக் குறைவாக இருந்தது. மற்ற சில பகுதிகளில் நிறையவே இருந்தது.

இதையும் "ரீலின் இருந்தால் தப்பிக்கலாம்" என்று யாராவது வட்டம் போட்டு விற்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடன் பிறந்த சகோதரிக்கும் அதே இரண்டு மாற்றங்கள் இருந்தன. அவருக்கு ஐம்பதுகளின் கடைசியிலேயே தடுமாற்றம் தொடங்கிவிட்டது. குடும்பத்தின் வழக்கமான வயதைவிடத் தாமதம்தான், ஆனால் சகோதரனுக்குக் கிடைத்த அளவு இல்லை. அந்த இரண்டு ஜீன்களும் தெரிந்த பிறகும் கணக்கு நேராகவில்லை.

இதே மாதிரி கிறைஸ்ட்சர்ச்சும் ஒரே பிரதி இருந்தால் கொஞ்சம்தான் உதவுகிறது. 2024இல் வெளியான ஆய்வில் அப்படி 27 பேர். அவர்களுக்குத் தடுமாற்றம் தொடங்கிய இடைநிலை வயது 52, அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களுக்கு 47. ஐந்து வருடம். அந்தக் குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. பிள்ளையின் கல்யாணத்தைப் புத்தி தெளிவோடு பார்ப்பதா இல்லையா என்கிற வித்தியாசம். கிறைஸ்ட்சர்ச் செய்வதைப் போலவே செய்யும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஒன்றை எலிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாவ் பாதிப்பு குறைந்திருக்கிறது. மனிதர்களுக்கு மருந்தாக வர இன்னும் தூரம் இருக்கிறது, என் பணமும் எதிர்பார்ப்பும் அந்தப் பக்கம்தான் போகும், எச்சில் குழாய்க்கு அல்ல.