குளிரூட்டி வைத்தால் பாரம்பரியம் செத்துவிடுமா?

தங்கும் விடுதியாக்கப்பட்ட தரங்கம்பாடிக் கடற்கரை பங்களாவைப் பற்றிய அந்தக் காணொளியை நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். பழைய வீட்டுக்குள் குளிரூட்டியும் வெந்நீர்க் குழாயும் வைத்துப் பாரம்பரியத்தைக் கொன்றுவிட்டார்களாம். அங்கே தங்கிப் படமெடுத்து அப்படி உருகியவர் அன்றிரவு குளிரூட்டியை அணைத்துவிட்டுத்தான் உறங்கினாரா என்பதைக் காணொளி காட்டவில்லை.

கடலோரத்தில் ஒரு வீடு சாவது ஆள் இல்லாமல் போவதால்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன ஊர் அது. துறைமுக வணிகம் போயிற்று, 1980களில் மயிலாடுதுறை ரயிலும் நின்றது, வேலை தேடி மனிதர்கள் வெளியேறினார்கள், பூட்டிய வீடுகளின் சுவரில் ஆலங்கன்று முளைத்தது. அவற்றில் எந்த வீட்டிலும் குளிரூட்டி இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

என் தாய்வழித் தாத்தாவின் வீடு பக்கத்திலேயே, பொறையாரில் இருந்தது. முற்றத்துச் சுவர் உப்புக்காற்றில் பொரிந்தபோது வந்த கொத்தனார், "சிமெண்டு பூசிவிட்டால் நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை ஐயா" என்றார். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். அடுத்த மழைக்காலத்திலேயே பூச்சு அப்பளம்போல் பெயர்ந்து விழுந்தது. அதன் முதுகில் செங்கல்லின் மேல்தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வீடு காலியானதற்குக் காரணம் சுவர் அல்ல. கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. மழையிரவில் கைக்குழந்தையை விட்டுவிட்டு அரிக்கேன் விளக்கோடு அங்கே போய்வர வேண்டியிருந்த என் மாமிகள், ஒருவர் பின் ஒருவராக மயிலாடுதுறையில் வாடகை வீடு பார்த்துப் போனார்கள். வீட்டைப் பூட்டினோம், சில வருடங்களில் தேக்குத் தூண்கள் விலைக்குப் போயின. உள்ளே ஒரு குளியலறை இருந்திருந்தால் அந்த வீடு இன்றும் நின்றிருக்கும்.

"அந்த பங்களாவுக்குள் ஊர் மீனவர் நுழைய முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்; ஊர்ப் பிள்ளைகளுக்கு அவ்வப்போதாவது கதவைத் திறந்துவிட வேண்டும். ஆனால் பணம் கட்டித் தங்கி, தாழ்வாரத்தில் காப்பி குடித்தபடி படமெடுத்தவர் அதைக் கேட்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை. "வெள்ளைக்காரன் கட்டடம் நமக்கெதற்கு?" என்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை; அந்தச் சுவரில் கரண்டி பிடித்த கைகள் நம்முடையவை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன. குழாயை எந்தச் சுவரைக் குடைந்து கொண்டுபோனார்கள், தளத்தைச் சுண்ணாம்பில் போட்டார்களா, உத்தரத்தை மாற்றும்போது தேக்கையே வைத்தார்களா என்று கேளுங்கள். நானும் கூடவே நின்று கேட்கிறேன். அதை விட்டுவிட்டு, வெந்நீர் வருகிறதே என்று கண்ணீர் வடிக்காதீர்கள். அந்தக் காணொளிக்குக் கீழே இதைத்தான் பணிவாக எழுதினேன். "விடுதிக்காரனின் கூலி" என்று பதில் வந்தது, அதற்கு முந்நூறு பேர் சிரிப்புக்குறி போட்டார்கள். என் நண்பர்கள் சிலரும் அதில் இருந்தார்கள், பார்த்துக்கொண்டேன். எனக்குக் கூலி கொடுக்க ஆள் இருந்திருந்தால் தாத்தா வீட்டின் தூண்களை விற்க விட்டிருப்பேனா?

வசதியே இல்லாத அசல் வீடுதான் வேண்டும் என்பவர்கள் கத்திரி வெயிலில் பொறையாருக்கு வாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீடு எனக்குத் தெரிந்தே இருக்கிறது, விசிறிகூடக் கிடையாது. சாவி வாங்கித் தருவது என் பொறுப்பு.