வங்கதேசத்தில் வீட்டுக்கு ஏழு குழந்தையா?

"வங்கதேசத்தில் ஒரு பெண் ஏழு குழந்தை பெறுகிறாள், அதனால்தான் அந்த நாடு தலையெடுக்கவில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டு பாதியுமே தவறு.

ஏழு என்பது 1970-களின் தொடக்கக் கணக்கு. 1990-களின் நடுவிலேயே அது மூன்றரைக்கு இறங்கிவிட்டது. இப்போது இரண்டைச் சற்றுத் தாண்டிய அளவுதான். நாடு பணக்கார நாடானதும் தானாகக் குறைந்தது என்றும் சொல்ல முடியாது. குறைந்த காலத்தில் வங்கதேசம் பரம ஏழை.

பிறகு எப்படி? மத்லப் என்ற ஆற்றோரப் பகுதியில் 1977-இல் ஒரு முயற்சி தொடங்கியது. அங்கே பெண்கள் தனியாக வீட்டை விட்டு வெளியே போவதே அரிது. சரி, அவர்கள் வர வேண்டாம், நாமே போவோம் என்று, படித்த உள்ளூர்ப் பெண்களைப் பணியில் அமர்த்தினார்கள். அவர்கள் மாத்திரையையும் கருத்தடை ஊசியையும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போனார்கள். இப்படிப் போகாத பக்கத்துக் கிராமங்களைவிட இங்கே பிறப்பு வேகமாகக் குறைந்தது. அரசும் இந்த முறையை நாடெங்கும் விரித்தது.

அப்புறம் அந்த "தலையெடுக்கவில்லை". 1971-இல் சுமார் 7 கோடிப் பேர், இன்று 17 கோடிக்கும் மேல். அதே காலத்தில் நெல் விளைச்சலோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. ஆயத்த ஆடை ஏற்றுமதியில் உலகின் முதல் சில நாடுகளில் அதுவும் ஒன்று. உங்கள் சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்கள், அங்கே தைத்ததாகவே இருக்கலாம்.